உங்கள் தெருவின் கணக்கை நீங்களே எடுப்பது எப்படி

வடசென்னையில் கொடுங்கையூர் பக்கம் எங்கள் தெருவில் ஐப்பசி மழை வலுத்தால் தண்ணீர் நிற்கும். வருடா வருடம் ஆளாளுக்குப் புகார் கொடுப்போம். யாராவது வந்து மோட்டார் வைத்து இறைத்துவிட்டுப் போவார்கள், புகார் முடிந்துவிட்டது என்று செல்போனுக்குச் செய்தி வரும், அடுத்த மழையில் மறுபடி அதே கதை. ஒரு வருடம் எதிர்வீட்டு அக்கா மட்டும் வேறு ஒன்று செய்தார். ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று காம்பவுண்டு சுவரில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டார், பக்கத்தில் தேதி எழுதினார், எத்தனை மணிக்கு முழுக்க வடிந்தது என்று பழைய டைரி ஒன்றில் குறித்து வைத்தார். அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டு வீட்டில் ஆரம்பித்தார்கள்.

டிசம்பர் கடைசியில் எல்லாருடைய குறிப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், இத்தனை வருடமும் தப்பான இடத்தைக் காட்டிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. தெருக்கோடியில் முட்டி வரைக்கும் ஏறியதால் எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் அங்கே நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. நடுத்தெருவில் கணுக்கால் அளவுதான், ஆனால் அது பதினாறு, பதினேழு மணி நேரம் அப்படியே நிற்கிறது, கொசுவும் கழிவுநீர் கலப்பதும் அங்கேதான். போய்ப் பார்த்தால், சாலை போட்டபோது வடிகாலுக்குள் தண்ணீர் இறங்குகிற துவாரங்கள் தாருக்கு அடியில் போயிருந்தன, குறுக்குத்தெருவை உயர்த்திப் போட்டதால் அந்தப் பக்கமும் தண்ணீருக்கு வழியில்லை.

நான் இங்கே விளக்க நினைப்பது இந்த வேலையைத்தான். ஒரு பகுதியில் வாழ்கிறவர்களே, அந்தப் பகுதியைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பதற்காக, ஒழுங்கான முறையில் எண்ணி, அளந்து, சரிபார்த்து, அதை முடிவெடுக்கிற இடத்தில் கொண்டுபோய் வைப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு குழம்பக் கூடாது என்பதால் இதைத் தெருக்கணக்கு என்றே சொல்கிறேன்.

புகாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? புகார் ஒரு வீட்டின் இன்றைய கஷ்டத்தைச் சொல்கிறது, அதற்குப் பதிலாகக் கிடைப்பதும் இன்றைய தீர்வுதான், ஒரு மோட்டார், ஒரு லாரி தண்ணீர். திட்டம் போடுகிறவருக்கு வேண்டியது அது இல்லை. எத்தனை வீடு, எத்தனை நாள், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பது அவருக்கு வேண்டும், ஏனென்றால் மதிப்பீடு எழுதும்போது அவர் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அவைதான்.

அரசிடம்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறதே, நாம் ஏன் எடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. நம் ஊரில் கடைசியாக முழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். 2021இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், மக்கள் எண்ணிக்கை எடுப்பது 2027 பிப்ரவரிக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த 2011 கணக்கில் சென்னை நகரம் என்றால் 174 சதுர கிலோமீட்டர், சுமார் 46 லட்சம் பேர். அதே 2011இல்தான் பெருங்குடி, சோழிங்கநல்லூர், அம்பத்தூர், மணலி எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக, 200 வார்டுகளாக, 15 மண்டலங்களாக மாறியது. அதற்குப் பிறகு ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலை ஓரம் எத்தனை அடுக்குமாடிகள் வந்தன, வடசென்னையில் எத்தனை வீடுகள் மாடி எடுத்து வாடகைக்கு விட்டன என்பதெல்லாம் கண்ணால் பார்க்கிற நமக்குத் தெரியும், அந்தப் பழைய கணக்குக்குத் தெரியாது.

சரி, புகார்களின் கணக்கு இருக்கிறதே என்றால், மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர்கள், காத்திருக்க நேரம் உள்ளவர்கள். காலை ஐந்தரைக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பி இரவு திரும்புகிறவர் கூப்பிட மாட்டார். புகார்களை மட்டும் வரைபடத்தில் போட்டால், கஷ்டம் அதிகம் உள்ள சில இடங்கள் ஒரு பிரச்சினையும் இல்லாத இடங்கள் மாதிரி தெரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு, எனக்கு இந்த விஷயத்தில் ஈடுபாடு வந்ததே அதைப் படித்த பிறகுதான். தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாட்டுச் சட்டம் 1971இல் வந்தது. அந்த வருடம் சென்னையில் 1,202 இடங்கள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்குப் பட்டியலில் புதிதாக எதுவும் சேரவில்லை. ஊர் இவ்வளவு வளர்ந்த காலம் அது. பட்டியலில் இருக்கிற இடத்துக்கு மேம்பாட்டுப் பணி வரும், சட்டப்படி நினைத்த நேரத்தில் காலி செய்ய முடியாது. பட்டியலில் இல்லாத இடத்தில் முப்பது வருடமாகக் குடும்பம் நடத்தினாலும் காகிதத்தில் நீங்கள் இல்லை. 2010க்குப் பிறகு ட்ரான்ஸ்பரன்ட் சென்னை என்ற குழு இப்படிக் கணக்கில் வராத குடியிருப்புகளையும் பொதுக்கழிப்பறைகளையும் தேடித் தேடி வரைபடத்தில் ஏற்றியது. அதைத் தொடங்கிய நித்யா ராமன் பிறகு 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்ற உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த மாதிரி வேலையில் முன்னோடி என்று மும்பையைச் சொல்ல வேண்டும். 1985இல் பைகுல்லா வட்டாரத்தில் ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதையில் வாழ்கிறவர்களோடு சேர்ந்து அவர்களையே கணக்கெடுத்தது. அதுவரை அவர்கள் குடிசைப் பட்டியலிலும் இல்லை. எங்கிருந்தோ நேற்று வந்தவர்கள், வேலைவெட்டி இல்லாதவர்கள் என்ற பேச்சுக்கு எதிரே, பல வருடமாக அங்கேயே இருக்கிறார்கள், நடந்து போகிற தூரத்தில் வேலை செய்கிறார்கள் என்று ஒரு கணக்கு வந்து நின்றது. இன்னொரு பக்கம் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கி, கிராம சபையில் பேசி, ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊரைப் பற்றி ஒரு வளர்ச்சி அறிக்கை எழுத வைத்தார்கள். பணம் வருகிறது என்று தெரிந்தபோது மக்கள் தங்கள் குளத்தையும் பள்ளிக்கூடத்தையும் எண்ணுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. மும்பையில் கணக்கு முதலில் வந்தது, கேரளத்தில் நிதி முதலில் வந்தது. சென்னையில் நாம் பெரும்பாலும் மும்பை வழியில்தான் போக வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

எதை எண்ணுவது

முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, எல்லாவற்றையும் கேட்டுவிடுவது. தண்ணீர், குப்பை, விளக்கு, நாய், ரேஷன், பார்க்கிங் என்று நாற்பது கேள்வி போட்டு ஒரு படிவம் தயாரிப்பார்கள், பத்தாவது வீட்டிலேயே களைத்துவிடுவார்கள், வந்த பதில்களை என்ன செய்வது என்றும் தெரியாது. தலைகீழாக ஆரம்பியுங்கள். என்ன முடிவு மாற வேண்டும், அதை யார் எடுக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கேள்விகள் தானாக ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்.

யார் எடுக்கிறார் என்பது சென்னையில் கொஞ்சம் சிக்கலான விஷயம், இதில் நேரம் செலவிடுவது வீண் போகாது. ஒரே தெருவில் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை எல்லாம் மாநகராட்சியுடையவை. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடை மேன்ஹோலும் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டருடையவை. மின்சாரப் பெட்டி மின்வாரியத்துடையது. தெரு போய்ச் சேர்கிற பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், தண்ணீர் போய் விழுகிற கால்வாய் நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். தெருவில் தேங்கியது மழைத் தண்ணீரா, சாக்கடை பொங்கியதா என்று பிரித்து எழுதாமல் 'தண்ணீர் நிற்கிறது' என்று மட்டும் நூறு வீட்டில் எழுதிக் கொடுத்தால், இரண்டு அலுவலகமும் இது எங்களுடையது இல்லை என்று சொல்ல வசதியாகிவிடும். மழை இல்லாத நாளிலும் நின்றதா, நாற்றம் இருந்ததா, எந்த மூடி வழியாக வெளியே வந்தது என்று மூன்று சின்னக் கேள்வி சேர்த்தால் போதும், யாருடைய வேலை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

கேள்வியை எழுதுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். "உங்களுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நேற்று எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது? எத்தனை குடம் பிடித்தீர்கள்? வீட்டில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பொதுவாக எப்படி என்று கேட்டால் மனசில் இருக்கிற ஆற்றாமை பதிலாக வரும், நேற்று என்று கேட்டால் நடந்தது வரும்.

இந்தக் குடம் கணக்கு எவ்வளவு வலுவானது என்று பாருங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் தெருவில் புழங்குகிற பிளாஸ்டிக் குடத்தில் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி அளந்துகொள்ளுங்கள், 14 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஆறு பேர், நேற்று பிடித்தது 12 குடம். மொத்தம் 168 லிட்டர், ஆளுக்கு 28 லிட்டர். மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டுதலில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், பெருநகரங்களுக்கு 150 லிட்டர், பொதுக்குழாயில் பிடிக்கிறவர்களுக்கே 40 லிட்டர் என்று அளவு இருக்கிறது. இப்போது உங்கள் தாளில் இருப்பது, 'எங்கள் தெருவில் இத்தனை வீடுகளுக்குப் பொதுக்குழாய் அளவுகூடக் கிடைக்கவில்லை' என்ற வாக்கியம். மெட்ரோ வாட்டர் டிப்போவில் இருக்கிற பொறியாளருக்கு இந்த மொழி உடனே புரியும், மேலே எழுதி அனுப்பவும் அவருக்கு அது கைகொடுக்கும்.

தெருவிளக்கு என்றால் கம்பத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 'டீக்கடைக்குப் பக்கத்தில்' என்று எழுதாதீர்கள், டீக்கடை இடம் மாறலாம். ஒன்றும் நடக்காத நாளையும் எழுதுங்கள். குப்பை வண்டி வராத நாளை மட்டும் குறித்துவைத்தால் அது குற்றப்பட்டியல், வந்த நாளும் வராத நாளும் சேர்ந்தால்தான் முப்பது நாளில் பத்தொன்பது நாள் வந்தது என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்கிறவரை எதிரே இருப்பவர் நம்புவார்.

யாரிடம் கேட்பது, யார் கேட்பது

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எங்கள் தெருவின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டபோது பார்க்கிங் என்று முடிவானது. அதே தெருவின் பின் வரிசையில் வாடகைக்கு இருக்கிற பெண்களிடம் கேட்டபோது, ஆறு குடித்தனத்துக்கு இரண்டு கழிப்பறை, அதுவும் தண்ணீர் வருகிற நேரத்தைப் பொறுத்து என்று சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் பின் வரிசைக்குப் போகாமல் எடுத்த கணக்கில் அந்தத் தெருவுக்குக் கழிப்பறைப் பிரச்சினையே கிடையாது. வாடகைக்காரர்கள், மாலை ஏழு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பவர்கள், வீட்டைவிட்டு இறங்க முடியாத பெரியவர்கள், இவர்களை எப்போது, எப்படிச் சந்திப்பது என்று முன்னாலேயே திட்டமிடுங்கள். அதற்கு மகளிர் குழுவில் இருக்கிறவர்கள்போல வேறு யாரும் உதவ முடியாது, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நோட்டும் கையுமாகப் போனால் முதல் கேள்வி, "ஆயிரம் ரூபாய்க்கா எழுதுறீங்க?" என்பதாக இருக்கும். மகளிர் உரிமைத்தொகை வந்ததிலிருந்து யார் பெயர் எழுதினாலும் அந்த எதிர்பார்ப்பு வருவது இயல்பு. இல்லை அக்கா, இதில் பணம் எதுவும் வராது, வடிகால் விஷயமாக எல்லா வீட்டிலும் கேட்கிறோம், முடிந்ததும் உங்களுக்கே கொண்டுவந்து காட்டுவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொண்டுவந்து காட்டவும் வேண்டும். எடுத்துக்கொண்டு போய் திரும்பியே வராத கணக்கெடுப்புகளை நம் மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

நூறு, நூற்றைம்பது வீடு என்றால் எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள். வார்டு முழுக்க என்றால் முடியாது, அப்போது ஒவ்வொரு தெருவிலும் பத்தாவது வீடு என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, தெரிந்தவர் வீடு, கதவு திறந்திருக்கிற வீடு என்று விலகாமல் அதையே பிடித்துப் போக வேண்டும். எடுத்தது சரியா என்று பார்க்க, இருபது வீட்டுக்கு ஒரு வீடு வேறொருவர் மறுபடி போய்க் கேட்கலாம். எனக்கு இன்னும் பிடித்த வழி கோலமாவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரு நடுவில் கோலமாவால் தெருவையே வரைந்து, குழாய், மேன்ஹோல், தண்ணீர் நிற்கிற இடம் எல்லாவற்றையும் குறித்தால், கூட்டம் தானாகச் சேரும். "அந்தக் குழாய் அங்கே இல்லைம்மா, இந்தப் பக்கம்" என்று பாட்டிகள் திருத்துவார்கள். அரை மணி நேரத்தில் நடக்கிற சரிபார்ப்பு அது.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு நோட்டும் கூகுள் ஷீட்டும் ஒரு தெருவுக்குப் போதும். ஐந்தாறு தெரு சேர்ந்தால் கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசச் செயலியில் படிவம் போட்டு இணையம் இல்லாமலே போனில் நிரப்பலாம். 2015 வெள்ளத்தின்போது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற திறந்த வரைபடத்தை வைத்து, மூழ்கிய தெருக்களை யார் வேண்டுமானாலும் குறிக்கும்படி ஒரு சென்னை வரைபடம் உருவானது. அந்த வரைபடத்தில் உங்கள் சந்துக்குப் பெயர் இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம்.

எழுதக் கூடாதவை

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆதார் எண், போன் நம்பர், சாதி, வாடகை எவ்வளவு, பட்டா இருக்கிறதா என்பதெல்லாம் வடிகால் கணக்குக்குத் தேவையில்லை, தேவையில்லாததைக் கேட்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது, ஆனால் நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கால்வாய் ஓரம் இருக்கிற வீடுகளை யாரோ நல்ல எண்ணத்தோடு ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்து இணையத்தில் போட்டால், அதே வரைபடம் ஆக்கிரமிப்புப் பட்டியலாகவும் படிக்கப்படலாம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேலையும் பள்ளிக்கூடமும் இழந்து பட்ட பாடு இந்த ஊருக்குத் தெரியும். அதனால் ஒரு கணக்கு யாருடையதோ அவர்களே அதை வெளியில் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டு எண் உள்ள பிரதி தெருவிலேயே இருக்கட்டும், வெளியே போவது கூட்டுத்தொகை மட்டும். அந்தக் குடியிருப்பு வேண்டாம் என்று சொன்னால் போடாதீர்கள்.

எங்கே, எப்போது கொண்டுபோவது

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன, வார்டு குழுவும் அதற்குக் கீழே பகுதி சபையும் என்று. வார்டு குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். பகுதி சபை என்றால் கிராம சபை மாதிரி நகரத்துக்கு ஒன்று. உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது, அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள், நடக்கவில்லை என்றால் நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

காலமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பொதுவாக நிதியாண்டு முடிவதற்கு முன், பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். ஏப்ரலில் கொடுத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக் கணக்கு எடுத்து, பொங்கலுக்குள் தொகுத்து, ஜனவரியில் கையில் கொடுத்தால் மழையும் பட்ஜெட்டும் அழகாகப் பொருந்திவரும். கொடுப்பது ஒரு பக்கம் இருந்தால் போதும். மேலே கேட்பது என்ன என்று ஒரு வரி, நடுவில் சின்ன அட்டவணை, கீழே கையால் வரைந்த தெருப்படம். பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, என் மனுமேல் என்ன நடவடிக்கை, இந்தத் தெரு வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்று கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உண்மையில் அந்த இரண்டாவது கேள்வியைக் கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது, அவர்களுடைய தாளையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் தெருவில் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பொறியாளர் நடுத்தெருவுக்கு நேரில் வந்தார். தாரை வெட்டித் துவாரங்களைத் திறந்தார்கள். அடுத்த வருடம் அதே அளவு மழைக்கு அங்கே மூன்று மணி நேரத்தில் வடிந்தது என்று அக்காவின் டைரியில் இருக்கிறது. தெருக்கோடி இன்னும் சரியாகவில்லை. கால்வாய் நிரம்பிவிட்டால் எங்கள் வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் போக இடமில்லை, அதை எங்கள் ஒரு தெருக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் இந்த ஐப்பசிக்கு அதே கால்வாயில் தண்ணீர் விடுகிற இன்னும் நான்கு தெருக்களில் பேசி, ஒரே படிவம், ஒரே நேரம் என்று முடிவு செய்திருக்கிறோம். நெயில் பாலிஷ் கோடுகளைப் பொங்கலுக்குச் சுவரோடு சேர்த்து வெள்ளையடித்துவிட்டார்கள், டைரியைப் பார்த்து மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறோம்.